ஒரு பை முட்டை

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடையில் அப்பாவின் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "எம் பையன் உன்ன மாதிரி இயற்கைப் பாதுகாப்பு வேலைக்குத்தான் போவேன்னு நிக்கறான். அதுக்கு என்ன பரீட்சைம்மா எழுதணும்?"

டீ ஆறிப்போனது, பதில் வரவில்லை. நான் இந்த வேலைக்குள் வந்ததே ஒரு பை முட்டையைக் கெடுத்துத்தான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. பங்குனி ஆமை என்று பெயரே தவிர, அந்தக் கடலாமை எங்கள் கரையில் தையிலேயே முட்டையிட ஏற ஆரம்பித்துவிடும். வனத்துறை அனுமதியோடு நடந்த ஒரு குழுவில் சேர்ந்து, தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே தாழங்குடா பக்கம் ராத்திரி நடை. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். டிராக்டர் டயர் ஓடியதுபோல மணலில் தடம் தெரிந்தால் நிற்க வேண்டும். நாயும் நரியும் தோண்டுவதற்குள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள், என்னோடு வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். விடிந்தபிறகு நானே ஒரு குழியைக் கண்டுபிடித்தேன். 118 முட்டை. பெருமை தாங்கவில்லை. மளமளவென்று பையில் போட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, மேடு பள்ளமெல்லாம் குலுங்க வந்து சேர்ந்தேன். ஐம்பதாம் நாள் பக்கத்துக் குழியிலிருந்து குஞ்சுகள் திமுதிமுவென்று வெளியே வந்தன. என் குழியில் 11.

முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் புரட்டினால் போச்சு. பொரிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட மீனவர் ஒருவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவர் திட்டவில்லை. "தூங்குற புள்ளையப் புரட்டுனா அழுது காட்டும் பாப்பா. இது அழாது" என்றார். மீதி 107 முட்டைகளையும் என்னையே உடைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கரு எந்த வளர்ச்சியில் நின்றுபோனது என்று எழுத வேண்டும். அந்த நாற்றம் மூன்று நாள் கையை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. தடம் பார்த்த நேரம், காற்று வாடையா சோழகமா, குழியின் ஆழம், மணலின் சூடு. சூடு ஏறினால் பெட்டைக் குஞ்சுகள் அதிகம், இறங்கினால் ஆண். அதனால் தென்னங்கீற்று நிழல் போடுவதைக்கூட எழுதி வைத்தேன். பிறகு ஒரு நேர்காணலில் மார்க் ஷீட்டை மேலோட்டமாகப் பார்த்தவர்கள் அந்த நோட்டை அரை மணி நேரம் புரட்டினார்கள். (அதைப் புரட்டலாம்.) சம்பளம் 9,000 ரூபாய். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

கரையில் செத்து ஒதுங்கும் ஆமைகளைப் பார்த்துவிட்டு ஒரு விசைப்படகுக்காரரிடம் சண்டைக்குப் போன கதையும் உண்டு. ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால் இழுவலைக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். அதைப் பாடம்போல் ஒப்பித்தேன். "ஆமை ஏறினா எங்க வலையும்தான் கிழியுது. தப்பிக்கிற மாதிரி வழி வெச்சா கூடவே இறாலும் போவுது. அதுக்கு ஏதாச்சும் படிச்சிருக்கியா?" என்றார். படித்திருக்கவில்லை. அப்புறம்தான் ஆமை விலக்கிக் கருவியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

சரி, நண்பர் கேட்டது பரீட்சை. வனக் காப்பாளர் என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, இந்திய வனப் பணிக்கு யு.பி.எஸ்.சி. மேலே படிக்க மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல், கடல் பிடிக்கும் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம். எல்லாவற்றையும் டீக்கடைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இது மாசி மாதம், சனிக்கிழமை ராத்திரி பையனை அனுப்புங்கள், ஆனால் தானாக எதையும் தோண்டக் கூடாது என்றும் சொன்னேன்.

நேற்று போன் செய்தார். "எத்தனை மணிக்கும்மா முடியும்?"

"விடிஞ்சிடும் அங்கிள்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சாப்பாடு கட்டிக் குடுக்கணுமா?" என்றார்.