கழனிச் சோறும் ஸ்கூட்டர் பையும்: வாரநாள் இரவு உணவில் பதினாறு வாரங்கள்

ஜூன் முதல் வாரத்தில் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் இரவு உணவு என்ற ஒன்றே இல்லை. ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கோர் இடத்தில் எதையோ சாப்பிட்டோம். ராணிப்பேட்டையில் வேலை முடிந்து வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள வீட்டுக்கு நான் வந்து சேர மாலை ஐந்தே முக்கால் ஆகும். செவிலியரான மனைவிக்குப் பெரும்பாலான வாரங்களில் மதியம் ஒன்றிலிருந்து இரவு ஒன்பது வரை பணி. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆறரை மணிக்குக் காந்தி நகரில் டியூஷனில் இருப்பாள். ஏழாம் வகுப்பு மகன் பள்ளி முடிந்ததும் நேதாஜி மைதானத்துக்கு வாலிபால் பயிற்சிக்குப் போய்விடுவான். வீட்டில் அம்மா மட்டும். மாத்திரை போடுவதால் ஏழு மணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும்.

மகளுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11-க்கும் கீழே வந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இரவு என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். "பன்னும் டீயும்" என்றாள். அருகில் நின்ற எனக்கு அந்த இரண்டு சொற்கள் போதுமாக இருந்தன. சமையல் எனக்கு முன்பே பிடித்த வேலை. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகச் செய்துவந்தேன். அதை வாரநாள் மாலைக்குக் கொண்டுவருவது என்று அன்றே முடிவு செய்தேன்.

திட்டம் இது. ஆறு மணிக்கு அடுப்பு. ஆறே முக்காலுக்குள் அம்மா தட்டில் உணவு, மீதி மூன்று டப்பாவில். ஸ்கூட்டரில் முதலில் மைதானம், அடுத்து மருத்துவமனை வாசல், பிறகு பாலாற்றுப் பாலம் தாண்டிக் காந்தி நகர். மகளுக்கு ஏழரைக்குப் பத்து நிமிட இடைவேளை. கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள்

இட்லியும் தேங்காய்ச் சட்னியும். இதைவிட எளிதாக எதுவும் இல்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மகளின் டப்பாவில் சட்னி நுரைத்துப் புளித்திருந்தது. காரணம் எளிது. சட்னியைக் காலையிலேயே அரைத்து மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஐந்து டிகிரிக்கு மேல் அறுபது டிகிரிக்குக் கீழ் இருக்கும் வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஈரமான உணவை அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஜூன் மாத வேலூரில் மாலை ஆறு மணிக்கும் காற்று அடுப்பு வாய் போலத்தான் இருக்கிறது. அன்றோடு பச்சைத் தேங்காயைப் பையிலிருந்து நீக்கினேன்.

அதன் இடத்துக்கு வந்தது வேர்க்கடலைப் பொடி. அம்மா 'மல்லாட்டை' என்றுதான் சொல்வார். வறுத்துத் தோல் நீக்கிய கடலை ஒரு டம்ளர், காய்ந்த மிளகாய் ஆறு, நான்கு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, உப்பு. பூண்டையும் புளியையும் ஈரம் போக வாணலியில் புரட்டிவிட்டு, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்தால் ஒரு வாரம் தாங்கும். அதிக நேரம் அரைத்தால் எண்ணெய் கசிந்து உருண்டையாகிவிடும். விட்டுவிட்டு அரைக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: அடை

இந்த நான்கு வாரங்களும் கேழ்வரகு அடைக்கே போயின. இதற்காக வருந்தவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைகளுக்கும் எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கும் ஒரே மாவு பொருந்துகிறது என்றால் அதை எப்படி விடுவது?

முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டுத் தட்டிய அடை தவாவிலிருந்து இறங்கும்போது அமிர்தம். அம்மா மூன்று சாப்பிட்டார். அதே அடை மைதானத்தை அடைந்தபோது வறட்டி. மகன் ஒன்றும் சொல்லாமல் மென்றான். அவன் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் வேதனையாக இருந்தது.

கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசைப் புரதம் உண்டு. கேழ்வரகில் அது இல்லை. ஆறும்போது மாவுச்சத்தும் இறுகிவிடுகிறது. எனவே ஆறினாலும் மென்மையாக இருக்க வேறு வழி தேட வேண்டும். தயிர் விட்டுப் பிசைந்தேன், பலன் குறைவு. எண்ணெயைக் கூட்டினேன், டப்பா வழுக்கியது. நான்காம் வாரம் கொதிக்கும் நீரில் பிசைந்தபோது பாதி வெற்றி. இரண்டு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் துருவிய சுரைக்காயை அதன் சாற்றோடு சேர்த்தபோது முழு வெற்றி. சுடச்சுட எடுத்துப் பருத்தித் துணியில் அடுக்கிச் சுற்றி வைத்தால் ஒரு மணி நேரம் கழித்தும் மடிக்க முடிகிறது. துணி முக்கியம். வெறும் எவர்சில்வர் டப்பாவில் மூடினால் மூடியில் நீர் கோத்து மேல் அடை நனைந்துவிடும்.

ஏழாம் வாரம்

தாத்தா அணைக்கட்டுப் பக்கம் விவசாயம் செய்தவர். அவர் கழனிக்குப் போகும்போது பாட்டி களி உருண்டையைத் துணியில் கட்டி, கீரைக் கடைசலைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிடுவார் என்று அம்மா சொன்னார். நாம் புதிதாகத் தேடிக்கொண்டிருப்பதை அவர்கள் அன்றாடம் செய்திருக்கிறார்களே என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே ஒரு கைப்பிடி நொய்யை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, மரத் துடுப்பால் கட்டியில்லாமல் கிளறி, கையை நனைத்து உருட்டி எடுத்துப் போனேன்.

பிள்ளைகள் இருவரும் தொடவில்லை. களியை மென்று தின்னக் கூடாது, விழுங்க வேண்டும். அந்தப் பழக்கம் அவர்களுக்கு இல்லை. டியூஷன் வாசலில் நின்றுகொண்டு, ஒரு கையில் டப்பாவைப் பிடித்தபடி குழம்பில் தோய்த்து விழுங்கு என்று ஒரு பெண்ணிடம் சொல்வதும் நியாயமில்லை. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் வீட்டில் களி தொடர்கிறது.

அன்றிரவு அம்மா, "கண்ணு, வழிக்கு எடுத்துப்போகிற சோறு கையில் உதிரக் கூடாது, வாயில் ஒட்டக் கூடாது" என்றார். அடுத்த ஒன்பது வாரங்களும் அந்த ஒரே வாக்கியத்தை வைத்துத்தான் நகர்ந்தன.

எட்டாம் வாரம்: பிடி கொழுக்கட்டை

அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக முதலில் அமைந்தது சாமைப் பிடி கொழுக்கட்டை. ஜவ்வாது மலையில் விளைந்த சாமையாகவே கேட்டு வாங்குகிறேன். இரண்டு டம்ளர் சாமையை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ரவையாக உடைத்துக்கொள்வேன். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து நான்கு டம்ளர் நீர் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, கெட்டியானதும் வேகவைத்த காராமணி ஒரு டம்ளர். பொறுக்கும் சூட்டில் பிடித்து, இட்லிப் பானையில் பன்னிரண்டு நிமிடம்.

இருபத்தெட்டுக் கொழுக்கட்டைகள் வந்தன. மகன் ஒரே மூச்சில் ஆறு தின்றான். அவன் விரல்களில் எண்ணெய் இல்லை, சட்டையில் கறை இல்லை, படிக்கட்டில் ஒரு பருக்கையும் சிந்தவில்லை. கூட ஓர் அவித்த முட்டை, நீர் மோர். பயிற்சி முடிந்த உடலுக்கு இது போதும்.

முந்தைய நாளே கிளறிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மாலையில் பிடித்து அவித்தும் பார்த்தேன். நன்றாகவே வருகிறது, ஆனால் நான்கு நிமிடம் கூடுதலாக வேக வேண்டும். காராமணியை ஞாயிறு இரவு ஊறவைத்துத் திங்கள் காலையில் நான்கு விசில் விட்டால் வியாழன் வரை குளிரில் கெடாது.

ஒன்பது, பத்தாம் வாரங்கள்

மகளின் இரும்புச்சத்துக்காக இந்த இரண்டு வாரமும். கேழ்வரகிலும் பயறிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்பை உடல் ஏற்காமல் தடுக்கிறது. முளைகட்டினால் அது குறையும். இரண்டு கிலோ கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி, முளை வந்ததும் மொட்டைமாடியில் உலர்த்தினேன். வேலூர் வெயிலைத் திட்டாதவர்கள் இங்கே இல்லை; அன்று அந்த வெயிலுக்கு நன்றி சொன்னேன். ஒரே பகலில் சலசலவென்று காய்ந்துவிட்டது. மாவு மில்லில் அரைத்து வந்து முழுவதும் அந்த மாவிலேயே அடை தட்டியபோது பிசுபிசுத்துக் கிழிந்தது. முளைவிடும்போது தானியத்தின் மாவுச்சத்து உடைபடத் தொடங்குவதால் இழுவை போய்விடுகிறது. இப்போது பாதி முளைகட்டிய மாவு, பாதி சாதா மாவு.

காராமணிச் சுண்டலில் அரை எலுமிச்சை பிழிவதும் இதே கணக்குத்தான். வைட்டமின் சி சேர்ந்தால் பயறிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். டீ இதற்கு நேர் எதிர். டியூஷன் இடைவேளை டீயை விட முடியுமா என்று மகளிடம் கேட்டேன். "தோழிகளோடு குடிப்பது அப்பா" என்றாள். அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. மாலை ஐந்து மணிக்கு, டியூஷனுக்கு முன்பே தோழிகளோடு டீயை முடித்துக்கொள்வதாக அவளே வழி சொன்னாள்.

பதினொன்று முதல் பதினான்கு வரை

மனைவிக்குப் பதினைந்து நிமிட இடைவெளி. சில நாள் எட்டரை வரை அதுவும் கிடைக்காது. கொழுக்கட்டை அதற்குள் ஆறிவிடும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்குச் சூடான உணவு வேண்டும் என்று எனக்குப் பட்டது. அகலவாய்ப் பிளாஸ்க் ஒன்று வாங்கினேன். கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறங்கிய சாமைப் பொங்கலை உடனே நிரப்ப வேண்டும். ஒரு பங்கு சாமை, அரைப் பங்கு பாசிப்பருப்பு, வழக்கத்தைவிட அரை டம்ளர் நீர் அதிகம்; பிளாஸ்க்குக்குள் அது இறுகும். மிளகு, சீரகம், ஒரு கைப்பிடி பீன்ஸ், கேரட். எட்டரைக்குத் திறந்தபோதும் ஆவி பறந்ததாகச் சொன்னார். "ஏங்க, இன்றைக்குத்தான் டூட்டியில் சாப்பிட்ட மாதிரி இருந்தது" என்று அவர் சொன்ன நாளைத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

டோல்கேட் உழவர் சந்தையில் இதே வாரங்களில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நன்றாகக் கிடைத்தது. காம்பில் முள் குத்தும். எடுப்பவர் பார்த்து எடுக்க வேண்டும். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதற்கு வெகுநாள் முன்பே இதற்குத் தனி மரியாதை. நல்லெண்ணெயில் வெங்காயம், தக்காளி, புளிக்கரைசலோடு எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்கிய தொக்கு நான்கு நாள் குளிரில் நிற்கிறது. சப்பாத்தியில் தடவிச் சுருட்டினால் பிள்ளைகளுக்கு ஓர் இரவு முடிந்தது. அதிகமாகத் தடவினால் அடியில் ஒழுகும். ஒரு மேசைக்கரண்டி போதும்.

பதினாறாம் வாரம்

வாரத்தில் ஐந்து இரவுக்கு நான்கு இரவு சமைக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை நானே மிகவும் களைத்துப் போய்விட்டேன். எல்லோரும் இட்லிக் கடையில் சாப்பிட்டோம். அதில் தவறில்லை என்று இப்போது நினைக்கிறேன். மகளின் ஹீமோகுளோபின் 11.6. மாத்திரையும் இதில் பங்கு பெற்றது, டப்பாவும் பெற்றது. அடுத்த பரிசோதனை டிசம்பரில்.

தீராத ஒன்று மழை. கிரீன் சர்க்கிளில் மழை பிடித்தால் கால் மணி நேரம் போகும். மகளின் இடைவேளை முடிந்துவிடும். ஐப்பசி நெருங்குகிறது. மகளின் டப்பாவை மட்டும் மாலை ஐந்து மணிக்கே அவள் பையில் போட்டு அனுப்ப முடியுமா, அப்போது எது கெடாமல் இரண்டரை மணி நேரம் நிற்கும் என்று பார்க்க வேண்டும். மல்லாட்டைப் பொடி தூவிய கம்பு அடையை முதலில் சோதிக்கப் போகிறேன். கம்பு இப்போது அடுக்களையில் ஊறிக்கொண்டிருக்கிறது.