முதுகில் எழுதிய சிங்கம்

குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சென்ற சித்திரையில் இடது விலாவில் வலி கண்டது. காலமெல்லாம் தறியில் உட்கார்ந்த உடம்பு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரவிக்கை உரசினாலே நெருப்புப் பட்டது போல எரிகிறது என்று அவர் சொன்ன பிறகுதான், இதயமாக இருக்குமோ என்று பயந்து இ.சி.ஜி. எடுத்தார்கள், அதில் குறையொன்றும் இல்லை. வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள், முதுகெலும்பில் தொடங்கி மார்புக்குக் கீழே நடுப்பகுதி வரை, சிவந்த தோலின்மேல் நீர்க்கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பின. அக்கி என்று தெருவே சொல்லிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போவதே வழக்கம். அவர் காவிக்கல்லை நீர்விட்டு இழைத்து, கொப்புளம் உள்ள இடத்தில் சிங்க உருவம் எழுதுவார். வெற்றிலை பாக்கோடு வைக்கும் காசை வாங்கிக்கொள்வார். பெரியம்மாவுக்கு மூன்று நாள் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்குச் செய்தி வந்தபோது இரண்டு நாள் எழுதி முடிந்திருந்தது. வேலூர் வெயிலில் உடம்புச் சூடு ஏறியதுதான் காரணம் என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயமில்லை.

மறுநாள் காட்பாடியில் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் வெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. சிறுவயதில் அம்மை போட்டதா என்று கேட்டார். ஏழு வயதில் வேப்பிலையில் படுத்திருந்ததைப் பெரியம்மா நினைவுகூர்ந்தார்.

சின்னம்மையை உண்டாக்கும் வாரிசெல்லா சோஸ்டர் வைரஸ், நாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. அது உணர்வு நரம்புகளின் வழியே முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் ஒடுங்கிப் பல பத்தாண்டுகள் கிடக்கிறது. முதுமையாலோ, நோயாலோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளாலோ உடம்பின் காவல் தளரும்போது, ஏதோ ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு அதே நரம்பின் வழியாகத் தோலுக்குத் திரும்புகிறது. நரம்பு முதலில் புண்படுவதால்தான் கொப்புளத்துக்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அந்த நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்கே உரியது என்பதால், கொப்புளங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. இரண்டு முனையும் கூடினால் உயிர் தங்காது என்று எதிர்வீட்டு ஆயா பயமுறுத்தியிருந்ததால், பெரியம்மாவுக்கு இந்த ஒரு விளக்கமே பாதி மருந்தாக இருந்தது.

அக்கி என்பது பழைய அம்மையின் மறுவிழிப்பே என்ற கருத்தை 1965இல் விரிவாக முன்வைத்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், இங்கிலாந்தின் சிரென்செஸ்டர் என்ற சிற்றூரில் பொது மருத்துவராக இருந்தவர். தம்மிடம் வந்த நோயாளிகளைப் பற்றி 16 ஆண்டுகள் குறிப்பெடுத்து வந்ததே அவருக்குக் கைகொடுத்தது.

வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்று எழுதிக் கொடுத்தார் மருத்துவர்; அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, நீங்கள் அதைத் தாண்டி வந்திருக்கிறீர்கள், புதிய கொப்புளங்கள் இன்னும் வருவதால் கொடுக்கிறேன் என்றார். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்திருந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றே வந்திருக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். அம்மை போடாத பேரக்குழந்தைக்குக் கொப்புள நீரிலிருந்து சின்னம்மை தொற்றலாம் என்பதால், குழந்தையை வாலாஜாவுக்கு அனுப்பி வைத்தோம்.

குயவர் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானாகவே உலர்ந்துவிடும். எழுதியவரும் எழுதிக்கொண்டவரும் அதைச் சிங்கத்தின் கணக்கில் வைப்பதில் வியப்பொன்றும் இல்லை. வாயு மாத்திரை எழுதியவர் மேல்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஒரு பக்க விலாவில் மட்டும் எரிச்சல், தொட்டால் கூச்சம் என்று ஒருவர் சொல்லும்போது, கொப்புளம் வந்தால் உடனே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தோல் ஆறியது, நரம்பு ஆறவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடிக்கும் இந்த வலிக்குத் தனிச் சிகிச்சை உண்டு, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசியும் உண்டு. அதன் விலையைக் கேட்ட என் நைனா, தீபாவளி கழியட்டும் என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மா ஆடி முடிந்தும் இடப்பக்கம் சாய்ந்து படுப்பதில்லை.