எலும்புப் பிரிவில் மூன்று மணி நேரம்

செம்பனைக் குலை ஏற்றிய லாரி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டை விட்டு வெளியேறும் பழைய சாலையில் என் மைவி காரைப் பின்னாலிருந்து இடித்தது. இடது மணிக்கட்டு முறிந்தது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். வேலைக்குப் போகும் வழி என்பதால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு வழி வரைபடம், பஞ்ச் கார்டு எல்லாம் போனது. அதில் சிக்கல் எதுவும் இல்லை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகுதான் தொல்லை. லாரி பிரேக் போடும்போது வரும் அந்தப் புஸ்ஸென்ற காற்றுச் சத்தம் கேட்டால் போதும், கை நடுங்கும். தோட்டத்துப் பக்கம் குலை புளித்த வாசனை அடித்தாலே குமட்டும். இரவு 2 மணிக்கு வியர்த்து எழுந்து உட்காருவேன். கார் சாவியை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய் “தூக்கமே வரவில்லை டாக்டர்” என்று மட்டும் சொன்னேன். தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் வீண். யாரும் இந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். வாயைத் திறந்ததும் விபத்தைச் சொல்லுங்கள், தேதியோடு. எந்தச் சத்தம், எந்த இடம் உங்களை உலுக்குகிறது என்று சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

அப்புறம் அரசாங்க கிளினிக். 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். அங்கே 21 கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டினார்கள். கடந்த ஒரு வாரத்தில் எப்படி இருந்தது என்று 0 முதல் 3 வரை வட்டமிட வேண்டும். இரண்டாவது கேள்வி, வாய் உலர்ந்துபோகிறதா என்று. அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. லாரி கடக்கும்போதெல்லாம் நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் பொறுமையாகக் கேட்டு, பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தை நான் பிரித்துப் படிக்கவில்லை. முதல் வரியில் எம்.வி.ஏ., அதாவது சாலை விபத்து என்று இருந்திருக்கிறது. பெரிய மருத்துவமனையின் கவுண்டரில் இருந்தவர் அதற்குக் கீழே பார்க்கவே இல்லை, நேராக எலும்புப் பிரிவுக்கு எண் கொடுத்துவிட்டார். மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்த டாக்டர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, “நல்லாத்தானே கூடியிருக்கு, எதுக்கு வந்தீங்கம்மா?” என்றார். திரும்பக் கவுண்டருக்கு ஓடினால், அன்றைய பதிவு முடிந்துவிட்டதாம். அதோடு விட்டாரா? வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “சாக்கித் ஜீவாவா?”, அதாவது மனநோயா என்று மலாயில் கத்திக் கேட்டார். எங்கள் லயத்து அக்கா ஒருவர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலமே சித்தி வந்துவிட்டார். “என்னம்மா, தஞ்சோங் ரம்புத்தானுக்கா போற?” அங்கே உள்ள மனநல மருத்துவமனை 1911-லிருந்து இருக்கிறது, இன்னும் எங்கள் ஊரில் அதன் பெயர் ஏச்சு வார்த்தைதான். “அங்க அனுப்பினாலும் போவேன் சித்தி, எனக்குத் தூங்கணும்” என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த முறை பஸ்ஸில் என்னோடு வந்தவர் அவர்தான்.

கடிதம் வாங்கினால் எந்தப் பிரிவுக்கு என்று அங்கேயே கேட்டு, உறையின் மேல் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் போனேன். 10 நிமிடத்தில் பதிவு முடிந்தது, ஆனால் தேதி மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது. நடுவில் ஓர் இரவு தாங்க முடியாமல் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணுக்கு அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் அவசரப்படுத்தாமல் என்னைப் பேசவிட்டார்.

மனநல ஆலோசகர் என்னை உடனே ஓட்டச் சொல்லவில்லை. முதல் வாரம் இன்ஜினை அணைத்தபடி காரில் 10 நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அடுத்து தோட்டத்து கேட் வரை. பிறகு கடைத்தெரு. பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும்வரை காரை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மாத்திரையும் உண்டு, அது வேலை செய்ய சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள், அதனால் நான் பாதியில் நிறுத்தவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பழைய சாலையில் எனக்கு முன்னால் ஒரு குலை லாரி. கண்ணாடியை இறக்கினேன், அந்த வாசனை வந்தது. வாய் உலர்ந்தது. சித்தி பாட்டிலைத் திறந்து நீட்டினார். சமிக்ஞை விளக்கு வரை அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன்.