பிஸ்லியில் வீசிய கச்சான்

தலைக்கு மேலே முதல் சன்னம் கீறிக்கொண்டு போன சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த ஒட்டுக் காகிதச் சுருளை வாங்கில் வைத்துவிட்டு, பிளாஸ்கில் இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி என் பக்கம் நீட்டினார்.

இது இரண்டு வருசத்துக்கு முந்திய கதை. இங்கிலாந்துக்கு வந்து 19 வருசமாகி, வீடு வாங்கி, பிள்ளைகள் என்னோடு ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு, இனி ஊர் என்னை ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கொண்டிருந்த நேரம்.

இடம் சரேயில் உள்ள பிஸ்லி. அங்கே ஸ்டிக்கிள்டவுன் என்றொரு சுடுதிடல் இருக்கிறது. 1000 யார் தூரத்தில், அதாவது 914 மீற்றருக்கு அப்பால், இலக்குகள். அந்த இலக்குகளுக்கு அடியில், முன்னால் ஒரு மண் அணை மறைக்க, ஆட்கள் நிற்கிற நீளப் பள்ளம். பட்ஸ் என்பார்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் இலக்கைக் கீழே இறக்கி, சுட்டவருக்குத் தெரிய துளையில் ஒரு தட்டைச் செருகி, பழைய துளையை ஒட்டி மூடி, திரும்ப மேலே ஏற்ற வேண்டும். எங்கள் கழகத்தில் அந்த வேலையை நாங்களே முறை வைத்துச் செய்கிறோம். வேலையிடத்து நண்பர் ஒருவர் "ஒருநாள் வந்து பார்" என்று கூப்பிட்டதால் போனேன். வந்த ஆளை முதல் நாளே பட்ஸுக்குள் இறக்கிவிட்டார்கள்.

சன்னம் ஒலியைவிட வேகமாக வருகிறது. அதனால் தலைக்கு மேல் 'டப்' என்ற வெடிப்புத்தான் முதலில் கேட்கும். துவக்கின் சத்தம் ஒரு நொடிக்கும் மேல் பிந்தி, தூரத்தில் யாரோ கதவைச் சாத்தின மாதிரி வரும். நண்பர் இதை எனக்கு விளக்கத் தொடங்கினார். நான் தலையாட்டினேன். பங்கருக்குள் என்னை மடியில் வைத்துக்கொண்டு அப்பா சொல்லித் தந்த கணக்கும் அதுதான். "சத்தம் கேட்டுட்டுதெண்டால் அது உன்னைத் தாண்டிப் போட்டுது, பயப்பிடாதை." அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. மனைவி சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, "இனி அங்கை போகாதேங்கோ" என்றாள்.

போயிருக்கவும் மாட்டேன். ஆனால் அன்று பின்னேரம் நண்பர் என்னைச் சுடுகிற பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், முக்காலியில் நின்ற தொலைநோக்கியைக் காட்டி, "இதுக்குள்ளே பார், காற்று தெரியும்" என்றிருந்தார். கண்ணை வைத்தேன். இலக்குக்கு முன்னால் கானல் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மாதிரி, இடமிருந்து வலமாக. கொஞ்ச நேரத்தில் அது மெதுவானது, பிறகு நின்ற இடத்திலேயே மேல்நோக்கிக் கொதித்தது, பிறகு மற்றப் பக்கம் ஓடத் தொடங்கியது. காற்றைக் கண்ணால் பார்த்தேன். சோறு சாப்பிடும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அந்தக் கானல்தான்.

எங்கள் வீட்டில் காற்றைப் பற்றித்தான் எல்லாப் பேச்சும் தொடங்கும். அப்பா பருத்தித்துறையில் கடலுக்குப் போனவர். விடியப்புறம் முற்றத்தில் இறங்கினால் முதலில் கன்னத்தைத் திருப்பிப் பார்ப்பார். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் சோழகம், கிழக்கு கொண்டல், மேற்கு கச்சான். அதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு வீட்டில் கறியா சம்பலா என்று முடிவாகும். என் மகனுக்குக் கச்சான் என்றால் தமிழ்க்கடையில் பை பையாக விற்கிற வறுத்த கடலை மட்டும்தான். அதுவும் கச்சான்தான், அவனைப் பிழை சொல்ல முடியாது.

எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, பட்டம்தான். தை மாதம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து, நாங்களும் ஈர்க்கும் மூங்கிலும் வளைத்துக் கட்டுவோம். பெரிய பட்டத்துக்கு விண் பூட்ட வேண்டும். வில் மாதிரி வளைத்து நார் இழுத்துக் கட்டினால், மேலே ஏறியதும் அது கூவும். இரவில் நூலை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் விடிய விடியக் கூவிக்கொண்டே நிற்கும். காற்று விழப் போகிறது என்றால் பட்டம் சரிவதற்கு முன்னமே விண்ணின் குரல் இறங்கும். நாங்கள் பாயில் இருந்து துள்ளி எழும்பி ஓடுவோம்.

சரி, பிஸ்லிக்கு வருகிறேன். சேர்ந்தவுடன் உறுப்பினராகிவிட முடியாது. குறைந்தது 3 மாதம் தகுதிகாண் காலம். சொந்தத் துவக்கு வேண்டுமென்றால் பொலிஸின் அனுமதிச் சான்றிதழ், வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி, அதைப் பார்க்க வருகிற அதிகாரி என்று வேலை நீளும். எனக்குக் கழகத் துவக்கே போதும். வீட்டுக்குள் ஒரு துவக்கு இருக்க நான் நித்திரை கொள்ள மாட்டேன், அதில் மாற்றமில்லை.

இந்த விளையாட்டுக்கு அங்கே வயது அதிகம். இதை நடத்துகிற தேசிய றைபிள் சங்கம் தொடங்கியது 1859இல். 1860இல் விம்பிள்டனில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா மகாராணியே 400 யாரில் ஒரு சூடு சுட்டுத் தொடக்கிவைத்தார். 1890இல் எல்லாவற்றையும் பிஸ்லிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு யூலையும் நடக்கிற பெரிய போட்டியில் மன்னர் பரிசை வெல்கிறவரை நாற்காலியில் இருத்தித் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. கோலாப்பூர் மன்னர் கொடுத்த கோப்பைக்காக 1871 முதல் நாடுகளின் அணிகள் மோதுகின்றன. இதையெல்லாம் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா குரலைத் தாழ்த்தி, "தம்பி, போனிலை துவக்கு துவக்கெண்டு கதையாதை" என்றார். அப்புறம், "அங்கை பொம்பிளையளும் சுடுவினமோ?" என்று கேட்டார். 1930இலேயே மார்ஜோரி ஃபாஸ்டர் என்ற பெண் மன்னர் பரிசை வென்றிருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கெட்டிக்காரி" என்றார்.

நான் போட்டியிட்டது அந்தப் பெரிய போட்டியில் இல்லை. போன ஆவணியில் எங்கள் கழகத்துக்குள் நடந்த சின்னப் போட்டி, 1000 யார், இரண்டு பரீட்சைச் சூடு, பிறகு கணக்குக்குப் பத்து. பாயில் குப்புறப் படுத்து, தடித்த மேற்சட்டைக்குள் வியர்த்து, வார்ப்பட்டை இடக்கையை இறுக்க, நாடித்துடிப்பு துவக்கில் தெரியும். நடு வட்டத்துக்கு 5. அதற்குள்ளே V என்று இன்னொரு சின்ன வட்டம், சமநிலை வந்தால் அதை எண்ணுவார்கள். இருவர் மாறி மாறிச் சுட வேண்டும், அவர் புள்ளியை நான் எழுத, என் புள்ளியை அவர் எழுத. முறை வந்தால் 45 நொடி. அங்கே ஒருவரும் தன் புள்ளியைத் தானே எழுதுவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விசயம். என் சோடி அந்தத் தேத்தண்ணி ஊற்றித் தந்த ஐயாதான்.

1000 யாரில் சன்னம் ஒன்றரை நொடிக்கு மேல் காற்றில் இருக்கிறது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அதை எட்டடி அளவுக்குத் தள்ளிவிடும். எனவே குறியைவிடக் காற்றுத்தான் பெரிய விசயம். துவக்கின் பின்குறியில் உள்ள திருகை ஒரு மினிட் (நேரமில்லை, கோணத்தின் அளவு) திருப்பினால் அங்கே பத்தரை அங்குலம் நகரும். இடப்பக்கத்துக் காற்று, 7 மினிட் வைத்திருந்தேன். முதல் மூன்றும் நன்றாகப் போயின. நான்காவதில் திடலில் காற்றைக் காட்டுகிற கொடிகளைப் பார்த்தேன், முழுதாக விரிந்து நின்றன, சுட்டேன். இலக்கு இறங்கி ஏறியபோது தட்டு இடது ஓரத்தில் நின்றது. மூன்று புள்ளி. அதற்கு மேக்பை என்று பெயர், அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டைத் தூக்கிக் காட்டியதால் அந்தப் பறவையின் பெயர் வந்ததாம். கொடி கனமானது. காற்று குறைந்த பிறகும் கொஞ்ச நேரம் பழைய கதையையே சொல்லும்.

எட்டாவது சூடு. ஐயா சுட்டு முடித்தார், கொடிகள் அப்படியே நின்றன. தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். கானலின் ஓட்டம் தளர்ந்திருந்தது. விண்ணின் குரல் இறங்குவது மாதிரி இருந்தது என்று சொன்னால் ஊர்க்காரருக்கு விளங்கும். விரல் தானாகப் போய்த் திருகை மூன்று மினிட் திருப்பியது. அதற்குள் ஐயாவின் இலக்கு ஏறியது, மூன்று, இடது ஓரம். நாற்பது வருசமாகச் சுடுகிறவர். என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அழுத்தினேன்.

நடு வட்டத்தின் நடுவில் தட்டு. V.

ஐயா என் அட்டையில் எழுதிவிட்டுத் திரும்பி, "அதை எப்படிக் கண்டாய்?" என்று கேட்டார். "அப்பா மீன்பிடிக்கிறவர்" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

ஐம்பதுக்கு 46, மூன்று V. பதினான்கு பேரில் நான்காவது. கொண்டுபோன ஆட்டிறைச்சி றோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது, அடுத்த மாதமும் கொண்டுவா என்று எனக்கு உத்தரவு. இனி இது என் இடம்தான் என்று நினைத்தபடி கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தேன். பட்ஸ் பக்கம் இன்னொரு கழகம் சுடத் தொடங்கியது, தோள் ஒருமுறை உள்ளே இழுத்தது. கதவைத் திறந்து உட்கார்ந்து ஊருக்கு எடுத்தேன். அங்கே இரவு எட்டரை.

அம்மா என் குரலைக் கேட்டதும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. காதும் மந்தம். நான் புள்ளிக் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன்.

"அது கிடக்கட்டும். என்ன காத்து?"

"மேற்குப் பக்கம், அப்பா. காலமை நல்லா அடிச்சுது, மத்தியானத்துக்குப் பிறகு விட்டு விட்டு வந்துது. இப்ப அப்பிடியே விழுந்துட்டுது."

"கச்சான் விழுந்துட்டுதோ? வானம் கறுக்குதோ?"

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். ஓர் ஓரத்தில் கறுத்திருந்தது.

"அப்ப மழை வரும். வீட்டிலை உடுப்பு ஏதும் காயப் போட்டிருந்தால் கெதியாப் போய் எடு."

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பின்வளவுக்குப் போய்க் கொடியில் கிடந்த உடுப்பெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.