குடும்பப் பெயரை வைத்து இனத்தைக் கணிக்கிறவர்களுக்கு

வாஷிங்டன் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயரை அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது வைத்திருந்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். பெயர் அகராதியைப் புரட்டி 'இது ஆங்கிலேயப் பெயர்' என்று சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. 'இந்தப் பெயரை வைத்திருப்பவர் எந்த இனம்?' என்று கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் இல்லை. சொல் பிறந்த இடம் ஒன்று, இன்று அதைத் தாங்கி நிற்பவர்கள் வேறு. நடுவில் அடிமை முறை இருக்கலாம், மதமாற்றம் இருக்கலாம், பெரும்பாலும் ஓர் அரசாணை இருக்கும்.

அதனால் ஒரு குடும்பப் பெயரை ஆராய உட்கார்ந்தால் முதலில் அதன் பொருளைத் தேடாதீர்கள். அந்த நாட்டில் குடும்பப் பெயர் எந்த ஆண்டு கட்டாயமானது, பதிவேட்டில் எழுதியவர் யார், எந்தெந்தப் பெயர்களுக்குத் தடை இருந்தது: இந்த மூன்றும் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 1849 நவம்பரில் ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளவேரியா ஓர் ஆணை போட்டார். மக்கள் தொகையை எண்ணவும் வரி வாங்கவும் பெயர்க் குழப்பம் தடையாக இருந்ததால், அகரவரிசையில் அச்சிட்ட பெயர்ப் பட்டியல் மாகாணங்களுக்குப் போனது. பல ஊர்களுக்குப் பட்டியலின் ஒரு பகுதியே போய்ச் சேர்ந்தது; அதிலிருந்து குடும்பங்கள் பெயர் எடுத்துக்கொண்டன. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் 'ஆர்' (R) எழுத்தில் தொடங்கும் பெயர்களே நிறைந்திருப்பது இதனால்தான். அங்கே ஒரு ஸ்பானியப் பெயர் ஊரைக் காட்டிக்கொடுக்கலாம். ஸ்பானிய வம்சத்துக்குச் சான்றாகாது.

துருக்கியில் திசை வேறு. 1934ஆம் ஆண்டின் 2525ஆம் எண் சட்டம் எல்லோரும் குடும்பப் பெயர் வைக்கச் சொன்னது. கூடவே குலப்பெயர்களையும் வேற்றினப் பெயர்களையும் விலக்கியது. ஆர்மேனியருக்கு உரிய 'யான்', கிரேக்கருக்கு உரிய 'புலோஸ்', ஸ்லாவியருக்கு உரிய 'ஓஃப்' போன்ற விகுதிகளை வைக்க முடியாமல் போனது. ஆகவே அசல் துருக்கியச் சொல்லாக ஒலிக்கும் பெயருக்குள் ஒரு குர்தியக் குடும்பமோ சிரியாக் கிறித்தவக் குடும்பமோ இருக்கலாம். பல்கேரியாவில் இதன் கொடுமையான வடிவம் நடந்தது. 1984 இறுதியிலும் 1985 தொடக்கத்திலும் துருக்கிய சிறுபான்மையினரின் பெயர்களை அரசே வலுக்கட்டாயமாக பல்கேரியப் பெயர்களாக மாற்றியது. 1990இல்தான் பழைய பெயர்களை மீண்டும் வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. இந்த நாட்டுப் பதிவேடுகளில் ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் எடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இந்தோனேசியாவில் சீனர்கள் பெயர் மாற்றிக்கொள்ள 1966இல் அமைச்சரவை முடிவு வந்தது. பலர் பழைய பெயரின் ஓசையைப் புதியதற்குள் ஒளித்துவைத்தார்கள்: லிம் என்பது சலிம், ஹலிம் ஆனது, தான் என்பது தனோதோ, சுதாந்தோ ஆனது. அசையைத் தேடினால் அகப்பட்டுவிடும் என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும். சலிமும் ஹலிமும் அரபு வழியாக வந்த முஸ்லிம் பெயர்களும்கூட. அசையை மட்டும் நம்பித் தேடும் கணினி நிரல் சீனர் அல்லாத ஏராளமானவர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும்.

எழுத்துப்பெயர்ப்பு இன்னொரு பொறி. சீனத்தில் ஒரே எழுத்தாக இருக்கும் பெயர் சீனக் கிளைமொழிகளான மாண்டரினில் சென், காண்டனீஸில் சான், ஹொக்கியெனில் தான்; வியட்நாமில் திரான். மாறாக, காண்டனீஸில் வோங் என்று எழுதும்போது வாங், ஹுவாங் என்ற இரண்டு வெவ்வேறு பெயர்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு நன்மையும் உண்டு: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த எழுத்துக்கூட்டலே குடும்பம் பேசிய கிளைமொழியைப் பெரும்பாலும் சொல்லிவிடும். மூல எழுத்து கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையும் திருத்தாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரக்கணக்கான பெயர்களைக் கணிக்க வேண்டுமென்றால் பெயரோடு வசிப்பிடத்தையும் சேர்த்துக் கணிக்கும் பேயீசிய முறை (ஒரு தகவல் தந்த வாய்ப்பை அடுத்த தகவலால் திருத்தும் நிகழ்தகவு முறை) இருக்கிறது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியது. அமெரிக்காவில் மருத்துவ சேவை, கடன் வழங்கல் ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வை அளக்கப் பயன்படுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பெயரை வைத்திருப்பவர்களில் 40 சதவீதம் 'அ' இனம், 60 சதவீதம் 'ஆ' இனம். நாட்டிலுள்ள 'அ' இனத்தவரில் 0.3 சதவீதமும் 'ஆ' இனத்தவரில் 0.1 சதவீதமும் இந்தப் பகுதியில் வசிக்கிறார்கள். 40ஐ 0.3ஆல் பெருக்கினால் 12, 60ஐ 0.1ஆல் பெருக்கினால் 6. மொத்தம் 18இல் 12, அதாவது 'அ' இனமாக இருக்கும் வாய்ப்பு 67 சதவீதம். பெயர் மட்டும் சொன்ன பதிலை முகவரி புரட்டிப்போட்டுவிட்டது.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, 67ஐப் பார்த்ததும் அவர் பெயருக்கு எதிரே 'அ' என்று எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் இதே வாய்ப்புள்ள நூறு பேரில் சுமார் 33 பேருக்குத் தவறான முத்திரை விழும். 0.67 என்ற எண்ணையே வைத்துக்கொண்டு கடைசியில் எல்லோருடைய எண்களையும் கூட்டுங்கள். குழுவின் அளவு ஓரளவு சரியாக வரும், தனி மனிதரைப் பற்றி நாம் எதுவும் சொன்னதாகாது. இன்னொன்று, அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் பட்டியலில் குறைந்தது 100 பேராவது வைத்திருக்கும் பெயர்கள்தான் இருக்கும். அரிய பெயருக்கு முகவரி மட்டுமே மிஞ்சும்; அதையும் 'பெயர்வழிக் கணிப்பு' என்று அறிக்கையில் எழுதுவது ஏமாற்று வேலை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் குடும்பப் பெயர் தந்தைவழியில் வரும் இடங்களில் அது ஒற்றைக் கோடுதான். கொள்ளுத் தாத்தா பாட்டிமார் எட்டுப் பேரில் ஒருவரின் பெயர்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. ஐந்து தலைமுறை மேலே போனால் 32 பேரில் ஒருவர். மரபணுச் சோதனை முடிவு பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று அதிர்ச்சியடைகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

தரவைத் தொடுவதற்கு முன் பெயரின் எந்தப் பகுதி குடும்பப் பெயர் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்பானிய மரபில் தந்தையின் பெயர் முதலிலும் தாயின் பெயர் பிறகும் வரும். போர்ச்சுகீசிய மரபில் பெரும்பாலும் இது நேர்மாறு. கடைசிச் சொல்லை மட்டும் வெட்டியெடுக்கும் நிரல் ஒரு நாட்டில் தாய்வழியையும் இன்னொரு நாட்டில் தந்தைவழியையும் எடுத்துத் தரும். எத்தியோப்பியாவில் இரண்டாவதாக நிற்பது தந்தையின் சொந்தப் பெயர்; ஐஸ்லாந்திலும் பெரும்பாலோருக்குப் பெற்றவரின் பெயரோடு மகன், மகள் என்ற விகுதிதான். மியன்மாரில் பர்மியருக்குக் குடும்பப் பெயரே வழக்கமில்லை, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயரில் 'ஊ' என்பது வெறும் மரியாதைச் சொல். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரை ஏற்கும் நாடுகளின் பதிவேடு என்றால், பெண்களுக்குப் பிறப்புப் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மணமான பெண்களின் வரிசைகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அவற்றில் நீங்கள் கணிப்பது பெரும்பாலும் கணவரின் இனத்தை.