ஏ பக்கம், பி பக்கம்

ஜூன் 26, வியாழன்
தொண்டையில் வைத்த குழாயை இன்னும் எடுக்கவில்லை. கால் மணி நேரம்தான் உள்ளே விட்டார்கள். நைனா கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். வலி என்று நினைத்து நர்ஸம்மா ஓடி வந்தார். டோலக் தாளம் என்று நான்தான் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி
பரணிலிருந்து பெட்டியை இறக்கியாச்சு. சாவு வீட்டில் பாடிய கானா பதிந்த 41 கேசட். டிடிகே பிராண்டுதான் நிறைய, கொஞ்சம் மெல்ட்ராக். மேலே நைனாவின் கோணல் கையெழுத்து: ‘வியாசர்பாடி பதினாறாம் நாள்’, ‘காசிமேடு ராத்திரி 2 மணி’, ‘புளியந்தோப்பு பெரியவர் சாவு’. பாடியவர் பேர் ஒன்றில்கூட இல்லை.

ஜூன் 28, சனி
ரிச்சி தெருவில் கேசட் டெக்குக்கு பெல்ட் கிடைத்தது. நாலு கடை ஏறி இறங்கினேன்.

ஜூன் 30, திங்கள்
புளியந்தோப்பு கேசட் தண்ணிக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருந்தது. ஸ்குரூ கழற்றிப் பார்த்தால், தகட்டில் ஒட்டியிருக்கும் குட்டிப் பஞ்சு விழுந்து கிடக்கிறது. அது டேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் ஒலி மங்கிவிடும். வீட்டிலிருந்த ஒரு கம்பெனி கேசட்டைப் பிரித்து, அதன் பஞ்சைத் தகட்டோடு எடுத்து இதில் மாற்றினேன். குரல் வந்துவிட்டது.

நைனா பாட ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் அதே வரி பேய்க்குரல் மாதிரி லேசாகக் கேட்கிறது. சுற்றிய சுற்றிலேயே வருஷக்கணக்கில் கிடந்தால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்ததில் படிந்துவிடும். காரணம் தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறிகிறது.

இது தொண்ணூறு நிமிஷ கேசட். பந்தல் நடுவில் டூ இன் ஒன் டேப்ரெக்கார்டரை வைத்து, ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கியிருக்கிறார்கள். நாப்பத்தஞ்சாவது நிமிஷம், செத்துப்போன பெரியவர் கப்பலில் மூட்டை தூக்கிய கதை. ‘அவரு தோள்மேல’ என்று நைனா இழுக்கிறார், ஏ பக்கம் தீர்ந்துபோகிறது. யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நாடாவின் முனையில் காந்தப் பூச்சு கிடையாது, அந்தச் சில நொடியில் எதுவும் பதியாது. பி பக்கம் தொடங்கும்போது எல்லாரும் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

தோள்மேல என்ன?

ஜூலை 1, செவ்வாய்
தூங்கவில்லை. தோள்மேல.

ஜூலை 2, புதன்
ஆடியோ கம்பெனிக்காரர் வார்டு வாசலுக்கே வந்துவிட்டார். மொத்தப் பெட்டிக்கும் நாப்பதாயிரம். அழுகை, நாய் குரைப்பு எல்லாம் எடுத்துவிட்டு, பாட்டுக்கு நாலு நிமிஷமாக வெட்டுவார்களாம். காகிதத்தில் ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’. மருந்து பாக்கி 31,000. பேனாவை வாங்கிவிட்டேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

முன்பு இன்னொரு கம்பெனி நைனாவை ஒரு சாயங்காலம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பாட வைத்தது. கைச்செலவுக்குக் காசு தந்தார்கள். கேசட் வந்தபோது அட்டையில் வேறு ஒருவர் பேர். நைனா அதைப் பற்றி ஒரு தடவைதான் பேசினார், அதுவும் குடித்திருந்தபோது.

ஜூலை 4, வெள்ளி
வக்கீல் அக்காவிடம் காகிதத்தைக் காட்டினேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவர் ராயல்டி பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதாம். “கையெழுத்து போட்டிருந்தாலும் கேக்கலாம்டி. ஆனா யார் எழுதுனதுன்னு நிரூபிக்கணும்” என்றார்.

எதை வைத்து நிரூபிப்பது? ஒரு சாவில் நைனா கட்டிய வரியை அடுத்த சாவில் இன்னொருவர் நீட்டிப் பாடியிருப்பார். டபுள் டெக் வைத்திருந்த கடையில் காசு கொடுத்துக் காப்பி எடுப்பார்கள், காப்பிக்குக் காப்பி இரைச்சல் ஏறும், அதைக் கேட்டுத்தான் பையன்கள் கானா கற்றுக்கொண்டார்கள். நைனா யாரையும் தடுத்ததில்லை. “சாவு ஊட்ல பாடுனது அந்த ஊட்டுக்குத்தான் பாப்பா” என்பார். ஆனால் அட்டையில் இன்னொருத்தர் பேர் போட்டது அவரைத் தின்றது. இரண்டும் நிஜம்.

ஜூலை 5, சனி
2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில், கானாவும் பாடும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் முதல் மேடை. நைனாவை அழைத்துப் போயிருந்தேன். “நம்ம பாட்டுக்கு இவ்ளோ லைட்டா” என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிதான் இன்று முழுக்க ஞாபகம்.

ஜூலை 6, ஞாயிறு
காசிமேடு இரண்டு பக்கமும் ஏற்றியாச்சு. நாயை வெட்டவில்லை.

ஜூலை 7, திங்கள்
சிலேட் கொண்டுபோனேன். ‘தோள்மேல?’ என்று எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். சாக்பீஸைக் கையில் வாங்கவில்லை. கம்பியில் தட்டினார், நாலு எண்ணி நிறுத்தினார். திரும்ப நாலு.

நாளைக்குக் காலையில் குழாயை எடுக்கிறார்கள். ஏ பக்கத்தின் கடைசி ஒரு நிமிஷத்தை போனில் ஏற்றி வைத்திருக்கிறேன்.