கணுக்கால் மடிப்பு

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் பையர் ஒரு படத்தையோ பழைய ஷூவையோ அனுப்புவார். லாஸ்ட் என்று நாங்கள் சொல்லும் கால் அச்சின் மேல் மாஸ்கிங் டேப்பை வரிசையாக ஒட்டி, அதன் மேல் பென்சிலால் டிசைனை வரைவேன். பிறகு கத்தியால் கீறி உரித்து அட்டையில் தட்டையாகப் படிய வைக்க வேண்டும். அந்த அட்டையை வைத்துத்தான் கட்டிங் செக்ஷனில் தோலை வெட்டுவார்கள். பென்சில் அரை மில்லிமீட்டர் தவறினால் ஆயிரம் ஜோடி தவறும்.

2014 கடைசியில் முழங்கால் உயரக் கறுப்பு பூட்ஸுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. என்ன மாதிரி வேண்டும் என்று காட்ட, நாலைந்து படங்களை ஒரே தாளில் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று பென்சில் ஓவியம். முழங்காலுக்கு மேல் வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தன.

அந்தப் பூட்ஸை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீளமான பூட்ஸைப் போட்டு நடந்தால் கணுக்கால் பக்கம் தோல் மடியும். ஓவியர்கள் பெரும்பாலும் அதைத் துணி மடிவதுபோலக் கூர்மையாகக் கோடு போட்டு வரைவார்கள். தோல் அப்படி மடியாது. உள்ளே லைனிங் இருக்கிறது, தோலுக்கும் தடிமன் இருக்கிறது. அதனால் மடிப்பின் முதுகு உருண்டு நிற்கும், பள்ளம் மட்டும் இருட்டாக இருக்கும். இந்தப் படத்தில் அது அச்சு அசலாக இருந்தது. டோ என்கிற முன் நுனியில் வெளிச்சம் எங்கே உட்காரும், ஷாஃப்ட் என்கிற கால் குழாயில் எங்கே வழுக்கும் என்பதெல்லாம் சரி. வரைந்தவர் தோலைக் கையால் தடவிப் பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டேன். யார் வரைந்தது என்று, ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் கேட்டேன். "யாரோ ஃபின்லாந்து ஆளாம் மாஸ்டர். நெட்ல தேடிடாதீங்க" என்று சிரித்தான்.

அன்று ராத்திரியே தேடினேன்.

அவர் பெயர் தௌக்கோ லாக்சோனென். உலகம் அறிந்த பெயர் டாம் ஆஃப் ஃபின்லாந்து. முழுப் படங்களைப் பார்த்தபோது தம்பி ஏன் அப்படிச் சொன்னான் என்று புரிந்தது. ஆண்களும் ஆண்களும் கூடும் காமப் படங்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அவர் எதையும் மறைத்து வரையவில்லை. மரம் வெட்டுகிறவர்கள், மாலுமிகள், போலீஸ்காரர்கள், தோல் ஜாக்கெட் போட்ட மோட்டார் சைக்கிள்காரர்கள். ஆனால் என்னை நிறுத்தியது அவர்களுடைய உடம்பு இல்லை, முகம். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கிறார்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் யார் கண்ணிலும் இல்லை. என் வயது அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

1920 மே 8 அன்று துர்க்கு நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள காரினாவில் பிறந்தார். அப்பா அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். 1939-ல் விளம்பரக் கலை படிக்க ஹெல்சிங்கி போனார். அங்கே தனக்காக மட்டும் ரகசியமாக இந்தப் படங்களை வரைய ஆரம்பித்தார். பட்டாளத்துக்குப் போகும் காலம் வந்தபோது அந்தப் படங்களை அவரே அழித்துவிட்டார். போரில் விமான எதிர்ப்புப் படையில் அதிகாரியாக இருந்தார். திரும்பி வந்து சிபேலியஸ் அகாடமியில் பியானோ படித்தார். பகலில் விளம்பர வேலை, பிற்பாடு மெக்கான் என்ற பெரிய விளம்பர நிறுவனத்தின் ஹெல்சிங்கி அலுவலகத்தில் ஆர்ட் டைரக்டர். ராத்திரியில் இந்தப் படங்கள்.

தானே அழித்தார் என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

நானும் வரைந்தேன். அப்பா வாலாஜாவிலிருந்து சைக்கிளில் ஒரு தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போவார். டேனரியை எங்கள் பக்கம் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போவேன். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைக் கம்பியால் இழுத்து மேலே போடுவார்கள். ரப்பர் பூட்ஸ், மடித்துக் கட்டிய லுங்கி, மார்பில் வழியும் வேர்வை. அந்த ஆட்களைப் பார்த்து எனக்குள் ஏதோ நடந்தது என்பது பத்து வயதிலேயே தெரியும். அதற்குப் பெயர் தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது. ஒரு நீள நோட்டு நிறைய அவர்களை வரைந்து வைத்திருந்தேன். தங்கை கல்யாணத்துக்கு வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள் என்ற பயத்தில், அப்போது நான் வேலை பார்த்த தோல் ஷாப்புக்கு அதை எடுத்துப் போனேன். பாய்லர்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே போட்டேன். ஊறிய தோலின் நாற்றத்தில் காகிதம் எரிந்த வாசனைகூட வரவில்லை. அதற்கப்புறம் பதினெட்டு வருடம் ஷூவைத் தவிர வேறு எதையும் நான் வரையவில்லை.

அவர் மறுபடி வரைந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ள பெரிய வித்தியாசமாக நான் நினைப்பது அதைத்தான். 1950-களில் சில படங்களை அமெரிக்காவின் 'ஃபிசீக் பிக்டோரியல்' பத்திரிகைக்கு அனுப்பினார். மேலுக்கு அது உடற்பயிற்சிப் பத்திரிகை. யாருக்காக நடக்கிறது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். 1957-ல் அவருடைய மரம் வெட்டும் ஆட்கள் அட்டையில் வந்தார்கள். தௌக்கோ என்ற பெயருக்கு ஒத்து வரட்டும் என்று டாம் என்று கையெழுத்துப் போட்டார். மீதியைச் சேர்த்தது ஆசிரியர் பாப் மைசர். அன்றைக்கு அவர் நாட்டில் ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். 1971-ல்தான் அந்தச் சட்டம் போனது. 1973-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரைய உட்கார்ந்தார். அதே வருடம் ஹாம்பர்க்கில் முதல் கண்காட்சி. ஒரே ஒரு படத்தைத் தவிர மற்றதெல்லாம் திருடு போனது. அடுத்த கண்காட்சிக்கு ஐந்து வருடம் ஆனது.

வேலி மாக்கினென் என்பவரோடு 28 வருடம் வாழ்ந்தார். 1981-ல் வேலி இறந்தார். இந்த ஒரு வரியைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 28 வருடம் என்றால் ஒரு குடும்பம் இல்லையா?

1984-ல் டர்க் டேனர் என்ற நண்பரோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அவருடைய படங்கள் கள்ளப் பிரதிகளாக ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைச் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிறகு மற்றவர்கள் வரைந்த இதுபோன்ற படங்களையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். சுமார் 3,500 படங்கள் வரைந்தார் என்கிறார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் சில இருக்கின்றன. 2014 செப்டம்பரில் ஃபின்லாந்து தபால் துறையே அவர் படங்களைத் தபால் தலையாக வெளியிட்டது. அந்த வருடம் இங்கே நிலைமை வேறு. 2013 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும் 377-வது பிரிவு செல்லும் என்று சொல்லியிருந்தது. நான் அந்தப் பூட்ஸைப் பார்த்து டேப் ஒட்டிக்கொண்டிருந்த நாளில் சட்டப்படி நான் குற்றவாளி.

அவர் படங்கள் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் பார்த்த ஜெர்மன் சீருடை அவர் மனத்தில் தங்கி, பிற்பாடு படங்களிலும் வந்தது. அந்த அரசியல் தனக்கு வெறுப்பு என்று சொன்னவர்தான். இருந்தாலும் அந்தப் படங்களை என்னால் ஏற்க முடியவில்லை. அப்புறம் அந்த உடம்புகள். அகன்ற தோள், பாறை மாதிரி மார்பு. என் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அப்படி இல்லை. ஒல்லியான கை, சுண்ணாம்பு தின்ற விரல் நுனி, எலும்பு தெரியும் முதுகு. நான் ஆசைப்பட்டது அவர்களை. அவர்களைச் சிரிக்க வைத்து யாரும் வரையவில்லையே என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

1988-ல் அவருக்கு நுரையீரல் நோய் என்று தெரிந்தது. நோயும் மருந்துமாகச் சேர்ந்து கை நடுங்க ஆரம்பித்தது. பென்சில் நிற்கவில்லை. பேஸ்டல் என்ற வண்ணக் கட்டிக்கு மாறி வரைந்தார். 1991 நவம்பர் 7 அன்று இறந்தார். பென்சில் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு அந்த நடுக்கம் என்றால் என்னவென்று தெரியும். எங்கள் பழைய மாஸ்டர் கை நடுங்க ஆரம்பித்த வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டார். இவர் நிற்கவில்லை.

அந்த ஆர்டர் முடிந்து பூட்ஸ் கப்பலேறியது. 2018 செப்டம்பர் 6 அன்று, இனி அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நான் காட்பாடி போகும் பஸ்ஸில் இருந்தேன். போனில் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இறங்கியதும் ஸ்டேஷனரி கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து மத்தியான இடைவேளையில் வரைகிறேன். முதலில் ஞாபகத்திலிருந்து சுண்ணாம்புக் குழி ஆட்கள். காமப் படங்கள் இல்லை, எனக்கு அதில் வெட்கம் கிடையாது, என் கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். ரப்பர் பூட்ஸின் மடிப்பு சுலபமாக வந்துவிட்டது. சிரிப்புக்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது. உதட்டை வளைத்தால் பொய்யாகத் தெரிகிறது. கண்ணுக்குக் கீழே சதை கொஞ்சம் மேலே ஏற வேண்டும். எத்தனை பக்கம் ரப்பரால் அழித்தேன் என்று கணக்கில்லை.

போன மாதம் ஸ்டிச்சிங் செக்ஷன் அக்கா ஷூவின் மேல் பாகமான அப்பர் சாம்பிளைக் கொடுக்க வந்தார். வழக்கமாக யார் வந்தாலும் நோட்டின் மேல் அட்டையைத் தள்ளிவிடுவேன். அன்று கை போகவில்லை. இரண்டு பேர் குழிக் கரையில் உட்கார்ந்து ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிற படம். ஒருவன் இன்னொருவனைப் பார்க்கிறான்.

அக்கா குனிந்து பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், நல்லா சிரிக்கிறாங்களே ரெண்டு பேரும். யாரு இவங்க?"

"அப்பா கூட வேலை பார்த்தவங்க அக்கா" என்றேன். சாம்பிளை மேஜையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம், லைனிங் பக்கம் தையல் ஒன்று விட்டுப்போயிருக்கிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.